நாற்பது முடிந்தால் போதுமா?

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால், அவள் பழைய ஆளாகிவிட்டாள் என்றே நம் இல்லங்கள் பலவற்றில் கருதுகின்றனர். அதுவரை கட்டிலை விட்டு இறங்கவிடாதவர்களே மறுநாள் தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பில் ஏற்றுகின்றனர். சிசேரியன் செய்துகொண்ட பெண்ணுக்கு இவ்விரண்டுமே தீங்கானவை.

நாற்பது என்பது நிஃபாஸ் எனும் பேறுகால உதிரப்போக்கின் கணக்கு. ஹனஃபி மத்ஹபில் அதன் உச்சவரம்பு 40 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். உதிரம் முன்னரே நின்றுவிட்டால் குளித்துத் தொழுதாக வேண்டும். வயிற்றுத் தையல் ஆறுவதற்கும் இக்கணக்குக்கும் தொடர்பே இல்லை.

மேல்தோல் இரண்டு வாரத்தில் கூடிவிடும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். தசைகளின் மேல் போர்வைபோல் அமைந்து வயிற்றைத் தாங்கும் உறுதியான சவ்வும் அறுவையில் வெட்டித் தைக்கப்படுகிறது. ஆறு வாரத்தில் அது தன் பழைய வலிமையில் ஏறத்தாழப் பாதியையே பெறுகிறது. மீதியைப் பெறப் பல மாதங்கள் ஆகும்.

அதற்காக அசையாமல் கிடப்பதும் ஆபத்தே. பேறுகாலத்தில் இரத்தம் எளிதில் உறையும். கெண்டைக்கால் இரத்தக்குழாயில் உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே கேடு. எனவேதான் மருத்துவர்கள் ஓரிரு நாளுக்குள் எழுந்து நடக்கச் சொல்கின்றனர். படுத்திருக்கையில் பாதங்களை மேலும் கீழும் அசைக்கலாம். சிறுநீர்க் குழாயை எடுத்தபின், சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கிச் சில விநாடிகள் நிறுத்தித் தளர்த்தலாம். வயிற்றைக் கீறித்தானே எடுத்தார்கள் என்று இதைக் கைவிடுவோர் உண்டு. பத்து மாதம் பாரம் சுமந்தது அந்தத் தசைதான்!

எழும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றி எழ வேண்டும். முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கலாகாது. குடமும் எரிவாயு உருளையும் வீட்டு ஆண்களின் பொறுப்பு. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் துணைபுரிந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்க, இதில் நமக்கென்ன கூச்சம்?

தொழுகை தொடங்கும்போது ஸஜ்தாவில் தையல் இழுக்கலாம். மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்தச் சலுகை சிசேரியன் தாய்க்கும் உரியதே. வலியைப் பொறுத்துக்கொள்வதே இறையச்சம் என்று எண்ண வேண்டியதில்லை.

ஆறு வாரமானதும் மருத்துவரிடம் காட்டிய பின், பத்து நிமிட நடையில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டலாம். தெருவில் நடக்கத் தயங்குவோருக்கு மொட்டைமாடி போதும். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பை எட்டுவது உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு. அதை எட்ட அவசரம் வேண்டாம். மல்லாந்து முழங்காலை மடக்கித் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவே மேடு புடைத்தால், தசைகள் இன்னும் விலகியே உள்ளன. தொப்பையைக் குறைக்கப் படுத்தெழும் பயிற்சி அவர்களுக்கு இப்போது ஆகாது. ஓட்டமும் குதித்தலும் 12 வாரத்திற்கு முன் வேண்டவே வேண்டாம்.

உதிரம் மீண்டும் பெருகினாலோ, தையல் சிவந்து சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது மூச்சு வாங்கினால், மறுநாள் வரை காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.