முதலில் ஊர் படிக்கட்டும்
(மருத்துவமும் மக்களும்: தொடர் 14)

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கி இரண்டு மாதம் ஆன நிலையில், சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வுக்குழு, தமிழகக் கடற்கரையில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு மீனவக் கிராமத்தில் உயிர்தப்பியவர்களின் மனநிலையை ஆராய்ந்தது. முடிவுகள் 2007 ஜனவரியில் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளிவந்தன. அச்சில் மூன்றே பக்கம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் 12.7 சதவீதம் பேருக்கு இருந்தது. உண்மை அளவு 9.4 முதல் 17.1 வரை இருக்கக்கூடும் என்றும் கட்டுரை சொன்னது. பெண்கள், காயம்பட்டவர்கள், குடும்ப வருமானம் அற்றுப்போனவர்கள் ஆகியோரிடம் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே, பாதுகாப்பு உணர்வை ஊட்டுவதோடு வருமானம் தரும் வேலைக்கும் வழிசெய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஒரு மனநோய் ஆய்வு பிழைப்பைப் பற்றிப் பேசி முடிகிறது. வீட்டு வருமானம் பற்றிய கேள்வி வினாத்தாளில் இருந்ததால்தான் அந்த முடிவு கிடைத்தது. மருத்துவ இதழுக்கு அனுப்பும் கட்டுரையின் தரம், அனுப்புவதற்கு வெகுமுன்பே, ஆய்வாளர் அந்த ஊரின் வாழ்க்கையை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதில் தீர்மானமாகிவிடுகிறது.

இதைப் பழவேற்காட்டில் பொருத்திப் பார்க்கலாம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் கரை ஊர்களில் இரத்த அழுத்தத்தையோ தோல் நோயையோ ஆராயும் ஒருவர், தம் முதல் அட்டவணையில் தொழில் என்ற தலைப்பின்கீழ் ‘மீனவர்’ என்று ஒரே வரியாக எழுதினால் அந்த அட்டவணை பயன்படாது. ஏரியின் குறிப்பிட்ட இடங்களில் யார், எந்த முறையில் வலை கட்டலாம் என்பதைப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. பாட்டில் உரிமை உள்ளவர் உண்டு, இல்லாதவர் உண்டு. கடலுக்குப் போகிறவர் வேறு. கழிமுகச் சேற்றில் நாள் முழுதும் தண்ணீரில் கிடந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் வேறு. கூடை சுமந்து விற்கும் பெண்கள் வேறு. தண்ணீரில் இருக்கும் நேரம், தூக்கம், உணவு, கடன் எல்லாமே இவர்களுக்குள் மாறுபடும். எல்லோரையும் ஒரே வரியில் அடக்கிச் சராசரி கண்டால், அதிகம் பாதிக்கப்படும் பிரிவு அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும்.

இத்தகைய கட்டுரைகளுக்கென்று உலகளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 2007இல் வெளியான ‘ஸ்ட்ரோப்’ என்ற அப்பட்டியலில் 22 அம்சங்கள். ஆய்வு எங்கே, எப்போது நடந்தது, பங்கேற்றோர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டனர், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் விடுபட்டனர், ஏன் விடுபட்டனர், முடிவு வேறு எவருக்குப் பொருந்தும் என்றெல்லாம் அது கேட்கிறது. பல ஆய்வாளர்கள் இதை இதழின் இணையதளத்தில் பதிவேற்றும் கடைசி நாளில் நிரப்புகிறார்கள். களத்தில் நேர்ந்த பிழையை அப்போது திருத்த முடியாது. எடுத்துக்காட்டாக, காலை பத்து மணிக்கு வீடுவீடாகப் போன கணக்கெடுப்பில் ஆண்கள் பலர் தொழிலுக்குப் போயிருப்பார்கள், பெண்கள் மீன் விற்கப் போயிருப்பார்கள். வீட்டில் அகப்பட்டவர்கள் முதியவர்களும் நோயாளிகளும் என்றால் நோயின் விகிதம் உண்மையைவிட மிகுந்து தெரியும். இந்தப் பிழையை வெளிநாட்டு இதழின் மதிப்பாய்வாளர் கண்டுபிடிப்பது கடினம். அந்த மாதத்தில் ஏரியின் முகத்துவாரம் அடைபட்டிருந்ததா, இறால் வரத்து இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. கரையில் உள்ள எவருக்கும் தெரியும். ஆகவே என் வாதம் இது: மீனவ ஊரைப் பற்றிய மருத்துவக் கட்டுரையின் முதல் மதிப்பாய்வாளர் அந்த ஊர்தான். முடிவுகளைத் தமிழில், எண்களோடு, ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கேள்விகளைப் பெற்று, திருத்த வேண்டியதைத் திருத்திய பிறகே இதழுக்கு அனுப்ப வேண்டும்.

முன்கூட்டி வெளியிட்டால் இதழ் மறுத்துவிடும் என்பது ஆய்வாளர்கள் எழுப்பும் முதல் ஆட்சேபம். இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1969இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியர் ஃபிரான்ஸ் இங்கெல்ஃபிங்கர், வேறிடத்தில் வெளிவந்ததைத் தம் இதழ் ஏற்காது என்று விதித்தார். பிற இதழ்களும் பின்தொடர்ந்தன. ஆனால் மாநாட்டில் வாசிப்பது முன்வெளியீடு ஆகாது என்பது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் நிலை. 2019 முதல் ‘மெட்ஆர்க்கைவ்’ தளத்தில் உலகமே படிக்கும்படி முன்வரைவுகள் இடப்படுகின்றன. அவற்றைப் பல இதழ்கள் ஏற்கின்றன. மாநாட்டு அரங்கில் வாசிக்கலாம், கரையில் உள்ளவரிடம் மட்டும் வாசிக்கக்கூடாது என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. மேலும், ஆய்வின் பொதுவான முடிவுகளை அறியும் வாய்ப்பு பங்கேற்ற அனைவருக்கும் தரப்பட வேண்டும் என்று, மருத்துவ ஆய்வு நெறிகளை வகுக்கும் ஹெல்சின்கி பிரகடனத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அதன்படி நடப்பதாகக் கட்டுரையில் எழுதிக் கையொப்பமிடுபவர், ஊருக்குச் சொல்லாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. தனக்குப் பிடிக்காத முடிவை ஊர் மறைக்கச் சொல்லலாம். மீனில் உலோக நச்சு இருக்கிறது என்று ஒரு கட்டுரை சொன்னால் சென்னைச் சந்தையில் பழவேற்காட்டு மீனின் விலை விழும் என்று அஞ்சுவது இயல்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறைபட்டுத் தொழில் முடங்கியதைப் பக்கத்து ஊர்கள் பார்த்திருக்கின்றன. அந்த அச்சத்தை மதிக்க வேண்டும்; அதற்காக எண்ணை மாற்றக்கூடாது. ஊர் சரிபார்க்க வேண்டியது விவரத்தையும் விளக்கத்தையும்தான். கிடைத்த அளவு ஓட்டுக்கு விடப்படும் பொருள் அல்ல. ஊர் உடன்படாவிட்டால் அந்த மறுப்பையும் கட்டுரையிலேயே பதிவு செய்யலாம். நச்சு எங்கிருந்து வருகிறது, எந்த வகை மீனில், எந்தப் பருவத்தில் என்று தெளிவாக எழுதும்படி ஊர் வற்புறுத்தினால் கட்டுரைக்குக் கூர்மைதான் கூடும். முன்னரே பேசாத கட்டுரை, நாளிதழ்த் தலைப்பாகக் கரையை வந்தடையும்போதுதான் பகை மூள்கிறது. அடுத்த ஆய்வாளருக்குக் கதவும் அடைபடுகிறது.

ஊர் என்பது யார் என்ற கேள்வியும் உண்டு. பஞ்சாயத்தில் ஆண்கள் மட்டும் கூடினால் பெண்களின் நோய் பற்றிய முடிவை யார் சரிபார்ப்பது? பாட்டில் உரிமையற்ற குடும்பங்களும் இருளர்களும் அந்தச் சபையில் எவ்வளவு பேச முடியும்? எனவே ஒரே கூட்டம் போதாது. பெண்களிடமும் இருளர் குடியிருப்பிலும் தனித்தனியே வாசிக்க வேண்டும். சில நூறு குடும்பங்களே உள்ள ஊரில் வயது, தொழில், நோய் மூன்றையும் சேர்த்து எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால், தனிநபர் விவரம் எதையும் கூட்டத்திலோ கட்டுரையிலோ வைக்கக்கூடாது. வேலை கூடும், நாள் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் ஓர் இதழின் மதிப்பாய்வுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தயங்காதவர்கள், ஊருக்காகச் சில வாரம் ஒதுக்க முடியாது என்பதை ஏற்க இயலாது.

விதிகளிலும் இதற்கு இடம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சமூகத்தின் பங்கேற்பை வலியுறுத்துகின்றன. அதை நெறிமுறைக் குழுக்கள் நிபந்தனையாக்க வேண்டும். முடிவு எந்த நாளில், எவரிடம், எந்த மொழியில் சொல்லப்பட்டது, அதனால் கட்டுரையில் என்ன மாறியது என்று நம் நாட்டு இதழ்கள் கட்டாயமாகக் கேட்க வேண்டும். வினாத்தாளைத் திருத்தவும் வீடு காட்டவும் உதவிய ஊர்க்காரர்கள் ஆசிரியருக்குரிய நிபந்தனைகளை நிறைவு செய்தால் அவர்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். இல்லையேல், அவர்கள் சம்மதித்தால், நன்றிப் பகுதியில் வர வேண்டும். தங்கள் உடம்பைப் பற்றிய கணக்கைத் தாங்களே படித்துத் திருத்திய ஒரு கரையில்தான் அடுத்த ஆய்வுக்கு உண்மையான பதில்கள் கிடைக்கும்.

(அடுத்த வாரம்: கட்டுரையை இலவசமாகப் படிப்பதற்கு யார் பணம் கட்டுவது?)