குதிரைமாளிகையும் எங்கள் வீடும்

சிறுவயதில் ஆரியசாலையிலிருந்து கால் மணி நேரம் நடந்து, கிழக்கேகோட்டை வாசல் தாண்டி, மேத்தன் மணி பார்க்க அப்பாவோடு போவேன். மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரரின் கன்னத்தில் வந்து முட்டும். அருகிலிருந்த குதிரைமாளிகை அப்போது பூட்டியே கிடந்தது. அதற்குள் நான் போனது சென்ற ஆண்டு புரட்டாசியில்தான்.

போகவைத்தது எங்கள் வீட்டுப் பிரச்சினை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தாத்தா பலசரக்குக் கடை வைத்துச் சம்பாதித்த வீடு அது. முன்னால் கடை, பின்னால் கூடம், அதற்கும் பின்னால் கிணறு. இப்போது நான்கு பங்கு. மும்பை அக்காவும் துபாய்த் தம்பியும் விற்றுவிடலாம் என்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாற்றுகிற செலவு என் தலையில். "ராஜா வீட்டிலேயே டிக்கெட் போட்டு ஆள் விடுகிறார்கள். எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்களேன்" என்றாள் மனைவி.

மாளிகையைக் கட்டியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. கூரையிறவாரத்தைத் தாங்கும் மரக்குதிரைகள் 122. கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி அவர் கீர்த்தனைகள் இயற்றிய இடம் என்று ஒரு மூலையைக் காட்டுகிறார்கள். 1846-ல், 33 வயதில், அவர் மறைந்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக மாளிகைக்குப் புழக்கம் இல்லை. 1971-ல் மன்னர் மானியமும் நின்றது. இத்தனை பெரிய மரக்கட்டடத்தை எந்தக் குடும்பம் கைக்காசில் காப்பாற்றும்?

1995-ல் அரச குடும்பம் இதைக் காட்சியகமாக்கித் திறந்தது. எல்லா அறைகளையும் திறக்கவில்லை, சிலவற்றை மட்டுமே. தந்தச் சிம்மாசனமும் பளிங்குச் சிம்மாசனமும் அங்கே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் ஜனவரியில் முற்றத்தில் நடக்கும் சுவாதி சங்கீத விழாவுக்கு டிக்கெட் கிடையாது. எதற்குக் காசு வாங்குவது, எதற்கு வாங்கக்கூடாது என்று ஒரு குடும்பம் தீர்மானித்திருப்பது எனக்குப் பிடித்தது.

காரைக்குடியிலும் இப்படி ஒன்று உண்டு. எம்.எஸ்.எம்.எம். குடும்பத்தின் 'பங்களா'வை 1999-ல் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி விருந்தினர் விடுதியாக்கினார். செட்டிநாட்டுச் சாப்பாடுதான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதே சீமையில் பங்காளிகள் பெருகி, ஒரு கையெழுத்து கிடைக்காமல் பாழாகும் வீடுகளும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு பார்த்துக்கொள்கிறது. நம் வீடுகளுக்கு எந்த அரசு வரும்?

திரும்பி வரும்போது ஒன்று புரிந்தது. சொத்து நிலைப்பதற்குப் பணம் மட்டும் போதாது. ஒருவர் நிர்வகிக்க, மற்றவர்கள் சம்மதித்து விலகி நிற்க வேண்டும். வரவு செலவைக் கேட்காமலே காட்ட வேண்டும். நான் இத்தனை வருஷம் செலவைச் சொல்லிப் புலம்பினேனே தவிர, ஒரு கணக்குத் தாள்கூட யாருக்கும் அனுப்பியதில்லை.

அந்த நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி வழக்கம்போல் ஆரியசாலை அம்மன் கோயிலுக்கு எழுந்தருளினார். அக்காவும் வந்திருந்தாள். தரிசனம் முடிந்து கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். முன்கடையை வாடகைக்கு விடுவது, வாடகையைப் பொதுக் கணக்கில் போட்டு வீட்டைப் பழுதுபார்ப்பது, மாதாமாதம் கணக்கு அனுப்புவது, ஐந்து வருஷம் கழித்து மறுபடி கூடிப் பேசுவது என்று எழுதினோம். அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இரண்டு தரம் வாசித்து, கையெழுத்துப் போட்டாள். சின்ன அண்ணனும் போட்டார். தம்பி இன்னும் போடவில்லை. "முதலில் ஆறு மாதக் கணக்கைப் பார்க்கிறேன்" என்றான். நியாயம்தான். நான்கு மாதக் கணக்கு போயிருக்கிறது.

ஊரில் பூட்டிய வீடு உள்ள அன்பர்களே, விற்பதோ வைத்திருப்பதோ உங்கள் விருப்பம். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார முடிகிற காலத்திலேயே பேசிவிடுங்கள்.