செம்பனை ஆய்வை எத்தனை பேர் படித்தார்கள்?

படிவம் ஆறிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் மாணவர்கள் இணையத்தில் ஆய்வுக் கட்டுரை தேடும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கட்டுரைத் தலைப்பின் அருகே பல வண்ணங்களில் ஒரு வளையம். அதன் நடுவில் ஓர் எண். எண் பெரிதாக இருந்தால் கட்டுரையும் தரமானது என்று பலர் நினைத்துக் கொள்கிறார்கள். அது எதை எண்ணுகிறது? நம் ஊர்ப் பயிர் ஒன்றை வைத்தே பார்ப்போம்.

பெண்டாங்கில் நெல்வயல்களைத் தாண்டிப் போனால் ரப்பரும் செம்பனையும்தான். என் மாமா அங்கே நாலு ஏக்கரில் செம்பனை வைத்திருக்கிறார். செம்பனையில் மூன்று வகை உண்டு. டூராவின் பழத்தில் ஓடு தடிப்பு. பிசிபெராவுக்கு ஓடே இல்லை. ஆனால் பெரும்பாலும் காய்க்காது. இரண்டையும் கலந்தால் கிடைப்பது மெல்லிய ஓடுள்ள தெனெரா. டூராவைவிட அது சுமார் 30 விழுக்காடு அதிக எண்ணெய் தரும். இதை முடிவு செய்வது ஒரே ஒரு மரபணு. உயிரியல் பாடத்தில் படித்த மெண்டல் விதி அப்படியே தோட்டத்தில் நடக்கிறது!

சிக்கல் என்னவென்றால், கன்றாக இருக்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். நட்டு, உரம் போட்டு, சில ஆண்டுகள் காத்திருந்து, பழத்தை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

2013 ஜூலை 24-ஆம் நாள் 'நேச்சர்' இதழ் இணையத்தில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. ஒன்று, செம்பனையின் முழு மரபணுத் தொகுதி. அதில் ஏறத்தாழ 34,800 மரபணுக்கள். மற்றொன்று, ஓட்டைத் தீர்மானிக்கும் 'ஷெல்' மரபணு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலானோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து செய்த பணி இது. இனி ஓர் இலைத் துண்டைச் சோதித்தாலே கன்று எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

இத்தகைய ஆய்வின் தாக்கத்தை முன்பெல்லாம் ஒரே வழியில் அளந்தார்கள்: பிற ஆய்வாளர்கள் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பது. இதற்கான அட்டவணையை யூஜின் கார்ஃபீல்ட் 1964-இல் கொண்டுவந்தார். ஆனால் மேற்கோள்கள் சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால்தான் 2011-இல் இலண்டனில் 'ஆல்ட்மெட்ரிக்' நிறுவனம் தோன்றியது. அந்த வண்ண வளையம் அவர்களுடையதே. செய்தித்தளம், வலைப்பதிவு, எக்ஸ் (முன்பு டுவிட்டர்), விக்கிப்பீடியா, அரசாங்கக் கொள்கை ஆவணம் ஆகியவற்றில் கட்டுரை குறிப்பிடப்பட்டால் புள்ளி ஏறும். செய்திக்குப் புள்ளி அதிகம், எக்ஸ் பதிவுக்குக் குறைவு. 'மெண்டலே' செயலியில் கட்டுரையைச் சேமித்து வைத்தவர்களின் எண்ணிக்கையும் காட்டப்படும். ஆனால் அது புள்ளியில் சேராது. உண்மையில் படிப்பவர்களுக்கு மிக நெருக்கமான கணக்கு அதுதான் என்பேன்.

ஆக, அந்த எண் அளப்பது சலசலப்பை. தரத்தை அல்ல. 2012-இல் மரபணு மாற்றிய சோளத்தை எலிகளுக்குக் கொடுத்துச் செய்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று உலகெங்கும் செய்தியானது. மறு ஆண்டே அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஏசினாலும் புகழ்ந்தாலும் புள்ளி ஒன்றுதான். மறுபுறம் மெண்டலைப் பாருங்கள். 1866-இல் வந்த அவருடைய பட்டாணிக் கட்டுரை 1900 வரை ஏறக்குறைய கவனிப்பாரற்றே கிடந்தது. வளையம் அன்று இருந்திருந்தால் நடுவில் என்ன எண் இருந்திருக்கும்!

இன்னொரு குறையும் உண்டு. புலனத்தில் பகிர்வதும், சாப்பாட்டுக் கடையில் பேசுவதும் அதன் கண்ணில் படாது. கட்டுரையின் பெயரோ இணைப்போ இல்லாமல் நம் தமிழ் நாளேட்டில் வரும் செய்தியும் பெரும்பாலும் அப்படித்தான்.

செம்பனைக்கு வேறோர் அளவு இருக்கிறது. 2016-இல் 'ஃபிரான்டியர்ஸ் இன் பிளான்ட் சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, மலேசியாவின் தனிப்பட்ட தோட்டங்களிலும் அவற்றுக்குக் கன்று தரும் நாற்றுப் பண்ணைகளிலும் 10,224 மரங்களையும் கன்றுகளையும் சோதித்தது. அவற்றுள் 10.9 விழுக்காடு தெனெரா அல்ல. ஏக்கருக்கு 55 மரம் என்று வைத்தால், மாமாவின் நாலு ஏக்கரில் 220 மரம். இந்தச் சராசரிப்படி 24 மரம் தவறான வகை. உரமும் கூலியும் மட்டும் அவற்றுக்கும் ஒன்றே. மரமோ இருபது ஆண்டுக்கு மேல் நிற்கும்.

'ஷெல்' ஆய்வு எத்தனை பேரைச் சென்று சேர்ந்தது என்று கேட்டால், நான் வளையத்தைவிட இந்த 10.9 என்ற எண்ணைத்தான் பார்ப்பேன். அது குறைகிறதா இல்லையா என்பதே என் கேள்வி.

வளையத்தை ஒதுக்கவும் வேண்டாம். அதைச் சொடுக்கினால் யார், எந்த நாட்டில், என்ன பேசினார்கள் என்ற பட்டியல் விரியும். பயிற்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள் எண்ணை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் படியுங்கள். 2016 ஆய்வைக் கட்டணமின்றி முழுமையாகப் படிக்கலாம்.

மாமா அடுத்த ஆண்டு மறுநடவு செய்யப் போகிறார். இந்தக் கன்றுகளுக்கு மரபணுச் சோதனை செய்தீர்களா என்று நாற்றுப் பண்ணையில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.