பெயர்களின் முறையும் அகர வரிசையும்

மின்சுற்று, எந்திரம் முதலியவற்றைச் செய்வதற்கு முன்னரே அவற்றின் இயக்கத்தைக் கணிப்பொறியில் ஆராய்வதற்கென 1997-ஆம் ஆண்டில் தோன்றியது மாடெலிகா என்னும் மொழி. எண்களையன்றிப் பெயர்களையே மதிப்பாகக் கொள்ளும் வகையொன்று அதில் உண்டு. அப்பெயர்களுள் எது முந்தியது, எது பிந்தியது என்பது அவற்றை எழுதி நிறுத்திய முறையினாலேயே முடிவுறும். முதற்பெயர் 1, அடுத்தது 2 என எண் பெறும்.

இத்துணைத் தெளிவான விதியிருக்கவும் வழு புகுவது எங்ஙனம்? ஒப்பிடப்படும் இரண்டும் மாறா மதிப்புகளாயின், மொழிபெயர்க்குங் கருவி முன்னதாகவே விடை கண்டு எழுதிவிடும். மாறிகளாயின் ஓட்டத்தின்போது எண்களைக் கொண்டு ஒப்பிடும். முன்னைய இடத்தில் எண்ணை விடுத்து எழுத்துக்களை ஒப்பிடின், ஒரே வினாவுக்கு இரு விடைகள் பிறக்கும். கிழமைகளை அகர வரிசையில் அடுக்கின் சனி முதலில் நிற்கும். புதன், வியாழன், வெள்ளி மூன்றும் தற்செயலாய்த் தம் முறையிலேயே நிற்றலின், அவற்றை மட்டும் கொண்டு சோதிப்போன் குற்றங் காணான். சமமா, அன்றா என்று மட்டும் வினவுவோனும் காணான்.

மின்குறிகளுக்கு மாடெலிகாவில் யூ, எக்ஸ், 0, 1, இஸட், டபிள்யூ, எல், எச், சிறுகோடு என ஒன்பது மதிப்புகள் இம்முறையே நிற்கின்றன. யூ என்பது மதிப்பிடப்படாமை. எக்ஸ் என்பது அறியப்படாமை. ஆதலின் 0-க்கு முந்தியது எனின் ஐயத்திற்குரியது என்பது பொருள். எழுத்தை ஒப்பிடுங் கருவியிலோ 0-க்கு முந்துவது சிறுகோடு ஒன்றே. தொடக்க மதிப்பு யூ என நிலைநிறுத்திய கம்பி, ஐயமற்றதெனச் சோதனையைக் கடந்துவிடும்! எண்ணிப் பார்க்கின், 36 இணைகளுள் 23 தலைகீழாகின்றன.

பெயர்களை மாற்றிவிடலாமே என்பாருடன் நாம் உடன்படோம். கருவியின் பிழைக்காகப் பிறர் எழுதிய மாதிரிகளைக் குலைப்பது முறையன்று. எழுத்தை விடுத்து எண்ணை ஒப்பிடச் செய்தலே மருந்து. அதற்குமுன் இருபெயரும் ஒரே வகையினவா என நோக்குதல் வேண்டும். இன்றேல் கிழமைகளில் இரண்டாவதாகிய திங்களும் மின்குறிகளில் இரண்டாவதாகிய எக்ஸும் சமமெனப்படும். பின்னர் 81 இணைகளையும் ஆறு ஒப்பீட்டுக் குறிகளாலும், மாறா மதிப்பாக ஒருமுறையும் மாறியாக ஒருமுறையும் வினவி, 486 இடங்களிலும் இருவிடையும் ஒத்திருத்தலைக் காண வேண்டும்.