பெரியப்பாவின் டபுள் என்ட்ரி

போன மாதம் கூரத்துக்குப் போனபோது பெரியப்பாவின் இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. எழுந்து நின்றால் தலை வேறு சுற்றுகிறதாம்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா பெரியப்பா?"

"ஒரு வேளை தவறவிட்டதில்லைடா!" என்று மஞ்சள் பையைக் கவிழ்த்தார். விபூதிப் பொட்டலம், பஸ் டிக்கெட், நடுவே மாத்திரை அட்டைகள்.

நான் பி.காம். மருத்துவம் தெரியாது. ஆனால் ஒரே செலவை இரண்டு தலைப்பில் எழுதியிருந்தால் கண்ணில் பட்டுவிடும். பட்டது!

2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்த பி.பி. மாத்திரை: அம்லோடிபின், 5 மில்லிகிராம். டவுனில் வேறொரு டாக்டரைப் பார்த்து, கடையில் வாங்கியது: ஏதோ ஒரு கம்பெனிப் பெயர், கூடவே அம்லோடிபின், 5 மில்லிகிராம். பெயர் இரண்டு, சரக்கு ஒன்று. காலையில் அது, ராத்திரி இது.

"அட்டை வேற கலர்ல இருந்துதேடா..."

"இவங்க கொடுத்ததை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"கோவிச்சுக்குவாரேன்னு சொல்லலை."

என்னே மரியாதை! அந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்கலாம். பி.பி. ரொம்ப இறங்கினால் தலை சுற்றும். வயசானவர் கிணற்றடியில் விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. நானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, அதுவும் ஆபத்து. மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டு, பையோடு அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒன்று போதும் என்றார். பத்தே நாளில் வீக்கம் வடிந்தது.

கம்பெனி வைத்த பெயரைவிட மருந்தின் பெயர் இரண்டு சைஸ் பெரிதாக இருக்கவேண்டும் என்று 2018-ல் விதியே வந்துவிட்டது. பெரிதாகத்தான் இருக்கிறது... இங்கிலீஷில்! தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற பெரியப்பா, மாத்திரை அட்டைக்கு முன்னால் கைநாட்டு.

இங்கிலீஷ் படித்த நாம் மட்டும் ஒழுங்கா? ஜுரத்துக்கு ஒரு பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு ஒரு ஜலதோஷ மாத்திரை. பல ஜலதோஷ மாத்திரைகளுக்குள்ளும் அதே பாராசிட்டமால்தான் உட்கார்ந்திருக்கிறது! பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கல்லீரல் கணக்குக் கேட்கும்.

இதே கூரத்தில் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசித்துச் சொல்ல, 7-ம் நூற்றாண்டிலேயே பல்லவ ராஜா பரமேஸ்வரவர்மன் செப்பேடு எழுதி மானியம் கொடுத்தார். படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மானியம் இல்லாமலே அந்த வேலையை நாம் செய்யலாமே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா... ஒரு தாளில் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் டாக்டரிடம் ஓடுங்கள். யாரைப் பார்க்கப் போனாலும் அந்தத் தாளும் கூடப் போகட்டும்.

பெரியப்பா தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். விழுந்து கும்பிட வேண்டாம். விழாமல் இருந்தால் போதும்!