கொழுந்து லொறியும் மின்பழுதும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் லொறி வெறும் வாகனமன்று. கொய்த கொழுந்து சூடேறிக் கெடுமுன் ஆலையைச் சேர்வது அதனால். நள்ளிரவில் நோயாளி மருத்துவமனையைச் சேர்வதும் சில வேளைகளில் அதனாலேயே. அந்த லொறி கிளம்ப மறுத்தால், "பற்றரி போய்விட்டது" என உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தீர்ப்புப் பலமுறை பிழையாகிறது.

மின்சாரம் வட்டமாக ஓடுவது. பற்றரியிற் புறப்பட்டு, ஸ்டாட்டர் மோட்டரைச் சுழற்றி, இயந்திரத்தின் இரும்புடல் வழியே பற்றரிக்கே மீள்கிறது. அவ்வட்டத்தில் ஓரிணைப்புத் துருப்பிடித்தாலும் ஓட்டம் தளரும். மழை மிகுந்த நம் பகுதியில் இது எளிதில் நேர்வது.

ஆகவே முதலிற் பற்றரியை வோல்ற்றுமானியால் அளக்க வேண்டும். மின்னேற்றம் நிறைந்த 12 வோல்ற்றுப் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 காட்டும். 24 வோல்ற்று லொறியில் இரண்டு பற்றரிகள் தொடராக இணைந்திருக்கும். அவற்றைத் தனித்தனியே அளத்தல் நன்று. அவை நலமாயின், கியரை நடுநிலையில் வைத்து ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பற்றரியின் கழித்தற்குறி முனைக்கும் இயந்திர உடலுக்கும் இடையே அளக்கட்டும். ஒரு வோல்ற்றோ அதற்கு மேலோ காட்டினால், குற்றம் பற்றரியில் இல்லை. 'ஏர்த்' கம்பியில் உள்ளது. அதனைக் கழற்றித் தேய்த்து இறுக்கினாற் பெரும்பாலும் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள்: பற்றரியருகே தீக்குச்சி வேண்டா, அதிலிருந்து எழும் ஐதரசன் வாயு வெடிக்கக் கூடியது. எரிந்த பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பி சுற்றவும் வேண்டா, லொறியே தீப்பற்றும்.

வைத்தியர் நாடி பார்த்த பின்பே மருந்து தருகிறார். நாமும் அளந்து பார்த்த பின்பே புதுப் பற்றரிக்குப் பணம் தேடுவோம்.