பாட்டி சொன்ன ஆறு கணக்கு

மாணவர்களே, உங்கள் பாட்டி வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வெள்ளை நூலில் பின்னிய வட்ட விரிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? முனை கொக்கிபோல் வளைந்த ஒரே ஓர் ஊசியால் பின்னுவது அது. குரோஷே பின்னல் என்று பெயர்.

சுங்கைப் பட்டாணிக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்தேன். பால்வெட்டு முடிந்து வந்த என் பாட்டி மாலையில் வாசலில் உட்கார்ந்து பின்னுவார். படிவம் ஒன்று படிக்கும்போது நானும் ஆசைப்பட்டு ஒரு விரிப்பு பின்னினேன். நடுப்பகுதி ஒழுங்காக வந்தது. ஓரம் மட்டும் மேசையில் படியவே இல்லை. அலை அலையாக எழுந்து நின்றது. பாட்டி பார்த்தவுடன் சொன்னார்: "சுத்துக்கு ஆறுதான் கூட்டணும்மா. கூடுனா அலையும், கொறஞ்சா கிண்ணமாயிரும்."

அது என்ன ஆறு? ஐந்தோ எட்டோ ஏன் இல்லை? அறிவியல் ஆசிரியரான பிறகுதான் எனக்கு விடை புரிந்தது.

வட்டத்தின் சுற்றளவு 2 × பை × ஆரம் என்று படித்திருக்கிறீர்கள். ஒரு சுற்று பின்னி முடித்தால், வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. அப்போது சுற்றளவு அந்த உயரத்தைப்போல் 2 × பை மடங்கு, அதாவது சுமார் 6.28 மடங்கு கூட வேண்டும். குட்டையான ஒற்றைப் பின்னலில் கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறைய சமம். எனவே ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்ணிகள் கூட்டினால் விரிப்பு தட்டையாகப் படியும்: 6, 12, 18, 24, 30, 36. என் பாட்டி பள்ளியில் அதிகம் படித்தவர் அல்லர். 'பை' என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் விரல்களுக்கு அது தெரிந்திருந்தது.

இப்போது என் தவற்றை நீங்கள் வேண்டுமென்றே செய்து பாருங்கள். நூலில் ஒரு வளையம் போட்டு, அதற்குள் 6 கண்ணிகள் பின்னுங்கள். அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டிரண்டு பின்னுங்கள். எண்ணிக்கை 6, 12, 24, 48, 96, 192 என்று ஏறும். ஆறாவது சுற்றில் 36 கண்ணிகளுக்கு மட்டுமே இடம் இருக்கிறது. அங்கே 192 நெருக்கியடிக்கின்றன! இடம் போதாத பின்னல் மேலும் கீழும் மடிந்து அடர்ந்த அலைகளாகிறது. கவுனின் ஓரத்தில் வைக்கும் அழகான அலைப் பின்னல் இதுதான்.

இந்த அலை கணித மேதைகளையும் திணறவைத்த வடிவம். தட்டையான தாளில் வரைந்த முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. இப்படி அலையும் பரப்பில் 180-ஐவிடக் குறையும். 19-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியின் போயாயும் ரஷ்யாவின் லொபச்செவ்ஸ்கியும் இத்தகைய வடிவியலைக் கண்டுபிடித்தார்கள். 'ஹைப்பர்போலிக்' வடிவியல் என்று அதற்குப் பெயர். ஆனால் மாணவர்களிடம் கையில் கொடுத்துக் காட்ட நல்ல மாதிரி கிடைக்கவில்லை. தாளை ஒட்டிச் செய்தால் எளிதில் கிழிந்துவிடும். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், லாட்வியாவில் பிறந்த டைனா டைமினா என்ற கணித ஆசிரியை குரோஷே ஊசியை எடுத்தார். ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார். கிழியாத மாதிரி பிறந்தது!

இயற்கை இதை எப்போதோ செய்துவிட்டது. மாலையில் கட்டும் கோழிக்கொண்டைப் பூவைப் பாருங்கள். சாலட் இலையின் ஓரத்தைப் பாருங்கள். நடுப்பகுதியைவிட ஓரம் வேகமாக வளர்ந்தால், அது அலையாக மடிந்தே ஆக வேண்டும். சில பவளங்களும் இப்படித்தான் வளர்கின்றன. சிறிய இடத்தில் பெரிய பரப்பு கிடைப்பதால், சூரிய ஒளியையும் நீரில் மிதந்து வரும் உணவையும் அவற்றால் அதிகம் பெற முடிகிறது.

பவளங்களைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கெடாவிலேயே, லங்காவிக்குத் தெற்கே, மலாக்கா நீரிணையில் பாயார் தீவுக் கடல் பூங்கா இருக்கிறது. பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவு ஊட்டுபவை அவையே. நிறம் தருவதிலும் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் பட்டினியால் சாகும். 2010-இல் மலேசியக் கடல்களில் இந்த வெளுப்பு பரவியபோது, தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் சில இடங்களைத் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலியாவில் பிறந்த இரட்டைச் சகோதரிகளான மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் இருவரும் 2005-இல் டைமினாவின் முறையிலேயே குரோஷே பவளப்பாறை பின்னத் தொடங்கினார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் ஊசியோடு சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒரு பகுதியை வெளிறிய நூல்களில் பின்னினார்கள். காரணம் உங்களுக்கே இப்போது தெரியும்.

செய்து பாருங்கள்

ஓர் ஊசியும் கொஞ்சம் கம்பளி நூலும் வாங்கி மூன்று துண்டுகள் பின்னுங்கள்.

1. சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டுவது.
2. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எதுவும் கூட்டாமல் பின்னுவது.
3. ஒவ்வொரு கண்ணியையும் இரண்டாக்குவது.

எது விரிப்பு, எது கிண்ணம், எது பவளம்? பின்னுவதற்கு முன்பே விடையை எழுதி வையுங்கள். பிறகு மூன்றையும் மேசையில் வைத்துச் சரிபாருங்கள். பின்னத் தெரிந்த பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பின்னுங்கள். அவர் சொல்லும் எண்களையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.